இருநூற்றுப் பதினேழாவது கோப்பு

பதினொரு மணிக்கு வந்த மின்னஞ்சலில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. கணினி வாத்தியார் அதை இரண்டு முறை படித்தார்.

"ஒலிக்கோப்புகளில் சிலவற்றைக் கேட்டேன். பேசுவது ஒரு பெண். பட்டியலில் உரிமையாளர் என்று உங்கள் பெயர் இருக்கிறது. அந்தப் பெண் யார்? இவற்றை எவரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்று அவர் சம்மதித்திருக்கிறாரா?"

எழுதியவர் கட்டற்ற மென்பொருள்களை ஏற்று வைத்திருக்கும் தளத்தின் பரிசீலகர். உலகத்தில் எங்கோ உட்கார்ந்துகொண்டு, சம்பளம் எதுவும் வாங்காமல், கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அடுத்தவர் கோப்புகளைப் பார்க்கிற ஜாதி. போன வாரமே அவர் ஒருமுறை திருப்பி அனுப்பியிருந்தார். ஒவ்வொரு கோப்பும் யாருடையது, எந்த உரிமத்தில் கொடுக்கப்படுகிறது என்று எழுதியிருக்க வேண்டுமாம். வாத்தியார் அலுத்துக்கொண்டு, பத்து வரியில் ஒரு நிரல் எழுதி, இருந்த கோப்புகள் அத்தனைக்கும் தன் பெயரை ஒரே அடியாக அடித்துவிட்டார். அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு அடித்ததில்தான் அந்த நானூற்றுப் பன்னிரண்டு ஒலிகளும் அவருடைய சொத்தாகிப் போயின.

பார்வையில்லாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம் அது. கணக்குக் கேள்விகளைக் குரலில் படித்துக் காட்டி, விசைகளில் விடை வாங்கும் மென்பொருளை நான்கு வருடமாக அவர் செய்து வைத்திருந்தார். அதைப் பொதுத்தேர்வுக் கூடத்துக்குள் விடத் தேர்வு அலுவலகம் ஒருவழியாகச் சம்மதித்திருந்தது. ஒரு நிபந்தனை. வாத்தியார் பென்டிரைவில் கொண்டுவருவதை அவர்கள் தொடமாட்டார்கள். பொதுத் தளம் ஒன்று ஏற்றுக்கொண்டிருந்தால், தாங்களே அங்கிருந்து இறக்கிக்கொள்வார்கள். தளத்தின் முகவரியை இன்று மாலை ஐந்து மணிக்குள் படிவத்தில் ஏற்ற வேண்டும்.

தவறினால் இருபத்து மூன்று பிள்ளைகளும் பழையபடி சொல்லச் சொல்ல எழுதுகிறவர்களை நம்பித்தான் உட்கார வேண்டும். போன வருடம் அப்படி வந்த ஒருத்தர் வர்க்கமூலம் என்றால் என்னவென்றே தெரியாமல் எழுதி வைத்ததில், கணக்குப் புலி என்று பேரெடுத்த மாணவி தோற்றுப்போனாள். இந்த வருடம் மறுபடி எழுதுகிறாள். இப்போதும் மூலையில் உட்கார்ந்து பயிற்சி செய்துகொண்டிருந்தாள்.

"சார், டீ பட்டன் கொஞ்சம் ஒட்டுது," என்றாள்.

'அடுத்த கேள்வி' என்ற விசையைப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள். ஏன் என்று அவர் கேட்டதில்லை. கணக்குப் போட்டால் டீ தேவைப்படுகிறது போல என்று விட்டுவிட்டார்.

"சரி பண்றேன்மா," என்றார். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஏனென்றால் அந்தக் குரல் அண்ணியுடையது. அவருடைய அண்ணனும் அண்ணியும் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன்பு ஒரு கோடை விடுமுறையில், வீட்டுத் துணி அலமாரிக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்கப் பதினொரு நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்துக் கொடுத்தவள் அண்ணி. அவள் போன பிறகு வீட்டில் படங்களைக் கழற்றினார்கள், பாத்திரத்தில் வெட்டியிருந்த பெயரைக்கூடத் தேய்த்தார்கள். வாத்தியார் தன் பங்குக்கு, மென்பொருளின் நன்றிப் பக்கத்திலிருந்த ஒரே ஒரு வரியை அழித்தார். யாரும் அழிக்கச் சொல்லவில்லை. அண்ணன் பார்த்தால் சங்கடப்படுவாரே என்ற பயம்தான். பயத்துக்கு மரியாதை என்று பேர் வைத்துக்கொள்வது அந்தக் குடும்பத்துக்குக் கைவந்த கலை.

அண்ணன் பத்திரம் எழுதுகிறவர். அலுவலகம் இரண்டு தெரு தள்ளி. போன் போட்ட பத்தாவது நிமிடம் வந்து நின்றார்.

"இதுக்கா இப்படி நடுங்குறே? நாங்க பிரியும்போது எழுதின பத்திரத்துல என்ன இருக்கு? வீட்ல மிச்சம் இருக்குற எதுலயும் அவளுக்குப் பாத்தியதை இல்ல. கையெழுத்துப் போட்டிருக்கா. அலமாரி நம்மது, மைக் நம்மது. பதிவு எனக்குச் சொந்தம்னு எழுதி அனுப்பு."

"அது சாமானுக்கு எழுதினதுண்ணா. குரலுக்கு எழுதலையே."

"அந்த ஆளு வந்து கேக்கப் போறானா? டேய், அவகிட்ட மட்டும் போய் நிக்காதே. நம்ம வீட்டுக்கு ஒரு மானம் இருக்கு."

வாத்தியார் தட்டச்சு செய்தார். 'பதிவுகள் முழுவதும் எனக்கே உரியவை.' நான்கே சொல். அனுப்பு என்பதன் மேல் சுட்டியை வைத்தார். மூலையிலிருந்து அண்ணியின் குரல், "சரியான விடை," என்றது. கணக்குப் புலி ஒரு கேள்வியை முடித்திருந்தாள். அண்ணன் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாத்தியார் எழுதிய வரியை அழித்தார்.

"கூப்பிடப் போறேன்ணா."

"அப்ப என்னை எதுக்குடா வரச்சொன்னே?" என்று கத்திவிட்டு அண்ணன் வெளியேறினார். கதவு அடித்த அடியில் பிள்ளைகள் எல்லோரும் தலையைத் தூக்கினார்கள்.

அண்ணி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். ஒன்றே முக்காலுக்கு, மூன்றாவது முறைதான் எடுத்தாள்.

"அண்ணி, நான்தான்."

"இன்னும் அண்ணிதானா?"

அவர் மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னார். தன் பெயரை அடித்ததையும் சொன்னார்.

"நன்றிப் பக்கத்துல இருந்து என் பேரை எடுத்தப்ப என்கிட்ட கேட்டியா தம்பி?"

"இல்ல அண்ணி. தப்புதான்."

"சரி, இப்ப சம்மதிச்சா என்ன ஆகும்? என் குரலை யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கலாம்."

"வெட்டி ஒட்டி, நான் பேசாததைப் பேசின மாதிரி பண்ணா?"

ஒரு சின்னப் பொய் போதும். மணி இரண்டு. "அதைத் தடுக்க அந்த லைசென்ஸ்ல வழியில்ல அண்ணி. நிபந்தனை போட்டா தளத்துல வாங்க மாட்டாங்க. யாருக்கும் கட்டு இல்லாம கொடுக்கணும், அதுதான் அவங்க விதி."

"கடையில ஆள் நிக்குது," என்று வைத்துவிட்டாள்.

அடுத்த ஒன்றரை மணி நேரம் வாத்தியார் திரையையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உண்மையைச் சொல்லிக் கெடுத்துக்கொண்டோமோ என்று தன்னையே திட்டினார். இருபத்து மூன்று பிள்ளைகளை விடவா என் மனசாட்சி பெரிது என்று கேட்டுக்கொண்டார்.

மூன்று நாற்பதுக்கு அவளிடமிருந்து பரிசீலகருக்கு மின்னஞ்சல் போனது. வாத்தியாருக்கும் நகல் வந்தது. குரல் என்னுடையது, உரிமத்தைப் படித்தேன், சம்மதிக்கிறேன் என்று மூன்றே வரி. அவருக்குத் தனியாக ஒரு செய்தி: "என் பேரு மட்டும். உங்க வீட்டுப் பேரை ஒட்டாதே. பிள்ளைங்களுக்காக."

வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு நானூற்றுப் பன்னிரண்டு இடத்திலும் அவள் பெயரை ஏற்றி அனுப்பினார். நான்கு பத்துக்குப் பதில் வந்தது.

"நன்றி. இப்போது எல்லா ஒலிகளையும் கேட்டுவிட்டேன். 217-இல் பின்னணியில் ஓர் ஆண் குரல் பேசுகிறது. அவர் யார்? அவரும் எழுதித் தந்தால் நல்லது. இல்லையேல் அந்தக் கோப்பை மாற்றுங்கள். மற்றவை சரி."

217 என்றால் 'அடுத்த கேள்வி'. வாத்தியார் ஹெட்ஃபோனை மாட்டி, ஒலியை முழுசாக ஏற்றிக் கேட்டார். அண்ணியின் கடைசி எழுத்தோடு பின்னிக்கொண்டு, அலமாரிக் கதவுக்கு வெளியிலிருந்து ஒரு குரல்: "எவ்வளவு நேரம்தான் உள்ளயே இருப்பே? டீ ஆறுது, வாம்மா."

வெட்டினால் அவள் சொல்லும் சேர்ந்து வெட்டுப்படும். வேறு பதிவு இல்லை. அண்ணியை வரவழைத்து மறுபடி பதிவு செய்ய நேரமும் இல்லை.

"சார், டீ பட்டனா?" என்று, ஹெட்ஃபோனில் கசிந்த சத்தத்தை வைத்துக் கணக்குப் புலி கேட்டாள். "அந்த அண்ணனை எங்களுக்கு நாலு வருஷமாத் தெரியுமே."

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வாத்தியார் ஓடினார். அண்ணன் முன்னால் வீடு விற்க வந்தவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஹெட்ஃபோனை அண்ணன் காதில் மாட்டி, 217-ஐ ஓட்டினார்.

அண்ணன் விரலைச் சுழற்றி மறுபடி என்றார். மறுபடி கேட்டார். மூன்றாவது முறையும் கேட்டார். வந்தவர்களைப் பார்த்து, "நாளைக்கு வாங்க," என்றார்.

"உன் சம்மதம் வேணும்ணா. மணி நாலரை."

"என் பேரு எங்க வரும்?"

"அவங்க பேருக்குக் கீழ. அந்த ஒரு கோப்புல மட்டும்."

ஒரு குடிசை விற்பதற்கே பத்துப் பக்கம் எழுதுகிற மனிதர், இரண்டு வரி எழுத எட்டு நிமிடம் எடுத்துக்கொண்டார். தன் முகவரியிலிருந்தே அனுப்பினார். வாத்தியார் பட்டியலில் 217-க்கு நேரே இரண்டு பெயர்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக ஏற்றி அனுப்பினார். பிறகு இரண்டு பேரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான்கு ஐம்பத்து மூன்றுக்கு 'ஏற்கப்பட்டது' என்று வந்தது. முகவரியைப் படிவத்தில் ஏற்றி முடித்தபோது மணி நான்கு ஐம்பத்தெட்டு. வாத்தியார் நாற்காலியில் அப்படியே சரிந்தார்.

அண்ணன் இன்னும் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை.

"யாரு வேணும்னாலும் மாத்தலாம்னு நானே எழுதிக் கொடுத்துட்டேன், இல்ல?"

"ஆமாண்ணா."

"அப்ப, நடுவுல இந்த ஆளு சத்தம் எதுக்குன்னு என் குரலை மட்டும் எடுத்துடலாம்?"

மத்தியானம் அண்ணியிடம் சொன்னதையே அவர் அண்ணனிடமும் சொன்னார். "எடுக்கலாம்ணா. யாரும் தடுக்க முடியாது."

அண்ணன் மேசையில் கிடந்த முத்திரைத்தாளை நேராக அடுக்கி வைத்தார்.

"நீ எடுத்துடாதேடா," என்றார்.