கடைசியாக ஒரு காரியம்

"கடைசியாக ஒரு காரியம்" என்று பாஸ்டர் மூன்றாவது தடவையாகச் சொன்னபோது, டிகிரி திரையை விட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

டிகிரி என்பது சபையார் வைத்த பெயர். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அப்பா ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கி, மணியடித்து, நாற்காலி போடுகிறவர். பின்பக்கத்து வீடு சபை கொடுத்தது. அதனால் சபையின் டைப் வேலை, திரையில் போடும் பாட்டு வரிகள், பிரசங்கத்துக்கான படங்கள் எல்லாம் அவள் தலையில்தான் விடியும். கூலி என்று பார்த்தால், "கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பாராக."

இன்றைய கருத்தரங்கின் தலைப்பு, 'நேரம் தேவனுடையது.' அதற்குப் படம் செய்து கொடுத்ததில் அவள் படிக்க வேண்டிய வாரம் போயிற்று. பத்து மணிக்கு அரசு வேலைக்கான தேர்வு. அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். இதை விட்டால் இல்லை.

சொல்லாமலா இருந்தாள்?

"ஐயா, அன்னிக்கு எனக்குப் பரீட்சை. வேற யாராவது பட்டனை அமுக்கட்டுமே."

"உன்னை விட்டா யாரும்மா இருக்கா? ஒன்பதுக்கு முதல் அமர்வை முடிச்சிடறேன். முதல் மணி நேரம் கர்த்தருக்கு, மிச்சம் உலகத்துக்கு. நம்ம தலைப்பே அதுதானே."

வீட்டில் அப்பா வேறு. "ஐயாவே வாக்கு கொடுத்துட்டாங்க, அப்புறம் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? நாம யாரு வீட்ல குடியிருக்கோம்னு யோசிம்மா."

ஒன்பது எப்போதோ போய்விட்டது. நேரத்தை வீணடிப்பவர்களைப் பற்றிப் பாஸ்டர் நிதானமாக, ஒவ்வொருவராக எடுத்துப் பேசிக்கொண்டிருந்தார். பொறுத்துப் பார்த்த டிகிரி, பட்டனை விறுவிறுவென்று அமுக்கி நேராக 'நன்றி' என்ற படத்துக்குப் போய்விட்டாள்.

பாஸ்டர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா, பிள்ளைக்கு அவசரம். பிசாசு முதல்ல நம்ம பொறுமையைத்தான் திருடுவான். பின்னாடி போம்மா. இன்னும் பின்னாடி. ஆங், அங்கேருந்தே மறுபடி ஒரு தடவை பாத்துடுவோம்."

சபை சிரித்தது. அவள் ரிமோட்டை நாற்காலியில் வைத்துவிட்டு ஓடினாள். தெருமுனை வரைக்கும் ஒலிபெருக்கி அவளைத் துரத்தியது.

தேர்வு மையத்தின் காவலாளி பூட்டிய கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"அண்ணா, இப்பத்தானே சாத்தினீங்க."

"சாத்தினா சாத்தினதுதாம்மா. திறந்தா என் வேலை போயிடும். எங்கே போயிருந்தே இவ்வளவு நேரம்?"

"கோயிலுக்கு."

"வேண்டிக்கிறதைக் கொஞ்சம் சுருக்கமா வேண்டியிருக்கலாம்ல."

உள்ளே மணி அடித்தது. கம்பியைப் பிடித்திருந்த கையை எடுக்க அவளுக்கு வெகுநேரமாயிற்று. பிறகு பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தாள். வந்த பஸ் எதிலும் ஏறவில்லை. யாரும் காலி செய்யச் சொல்ல முடியாத ஒரு வீடு. அவள் கேட்டது அவ்வளவுதான். ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினாள். யாரிடம் பேசுவது என்று தெரியாமல் திறந்துகொண்டாள்.

மத்தியானம் திரும்பியபோது அப்பா ஆலய வாசலிலேயே நின்றிருந்தார். அவளை வாய் திறக்க விடவில்லை. "நல்லா எழுதியிருப்பே, எனக்குத் தெரியாதா? ஐயாகிட்ட அப்பவே சொல்லிட்டேன்."

மேடையிலிருந்து பாஸ்டரும் பார்த்துவிட்டார். "இதோ வந்துட்டா. கர்த்தருக்கும் நேரம் கொடுத்தா, பரீட்சையும் எழுதிட்டு வந்துட்டா. நேரத்தை நிர்வாகம் பண்றதுன்னா இதுதான். வாம்மா, கர்த்தர் உனக்குச் செஞ்சதைச் சபைக்குச் சாட்சி சொல்லு."

கைதட்டினார்கள். அவள் மைக்கை வாங்கினாள்.

"நான் எழுதல. கேட்டைப் பூட்டிட்டாங்க. ஒன்பதுக்கு முடிக்கிறேன்னு சொன்னீங்கய்யா, முடிக்கல. இனிமே எழுத எனக்கு வயசில்ல."

பாஸ்டர் அவள் கையிலிருந்து மைக்கை மெதுவாகக் கழற்றி எடுத்தார். மற்றக் கையை அவள் தலையில் வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை, அதுதான் கொடுமை.

"சபையே, கேட்டீங்களா? அந்த வேலை தேவ சித்தமில்லை. இவளை அவர் தமக்குன்னு பிரிச்சு வச்சிருக்கார். இனி இந்தப் பிள்ளை நம்ம சபையோட முழு நேர ஊழியக்காரி. ஆமென் சொல்லுங்க."

"ஆமென்" என்றது சபை. அத்தனை குரலிலும் அப்பாவின் குரல் அவளுக்குத் தனியாகக் கேட்டது.