கரிமேட்டுப் பிடிமண்

கோடாங்கி உடுக்கடித்துச் சொன்னதைக் கன்னையன் ஒரு சொல் சிந்தாமல் மனசில் முடிந்து வைத்திருந்தான்.

"ஒங்க குலத்து ஆத்தா தண்ணிக்கு நடுவுல வெளக்கில்லாமக் கெடக்கா. அதான் ஒனக்குப் புள்ளைக தங்கல. அவ காலடியில பிடிமண்ணு எடுத்தாந்து ஊருல பீடம் போட்டு வையி. காலடி மண்ணுதான் வேணும். ஒரு விரக்கடை தள்ளி எடுத்தாலும் ஆத்தா வரமாட்டா."

இரண்டு பிள்ளைகளை ராசிங்காபுரத்து ஓடைக்கரையில் புதைத்தவன் கோடாங்கியை நம்பாமல் வேறு யாரை நம்புவான்? மிஞ்சியிருந்தது சுப்புத்தாய் ஒருத்தி. நாலு வயசு. மாசிக் கடைசியில் பிடித்த காய்ச்சல் பங்குனி பிறந்தும் இறங்கவில்லை. போடி டாக்டர் ஊசி போட்டுப் பார்த்தார், சிவப்பு மருந்து கொடுத்துப் பார்த்தார், கடைசியில் "சாமியை வேண்டிக்கங்க" என்று கையை விரித்துவிட்டார். படித்தவரே சாமியைக் கைகாட்டினால் படிக்காதவன் என்ன செய்வான்?

பிள்ளையைத் தங்கச்சி சந்திரவல்லியிடம் விட்டுவிட்டு, கன்னையனும் பெண்டாட்டி இருளம்மாளும் எஸ்டேட் ஜீப்பில் தொற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறினார்கள். பிடிமண்ணுக்குப் புருசன் பெண்டாட்டி இரண்டு பேரும் போகவேண்டும். அவன் அள்ள, அவள் முந்தியில் வாங்கவேண்டும். அதுதான் முறை. இல்லாவிட்டால் அனலாய்க் கொதிக்கிற பிள்ளையை விட்டு எந்தத் தாய் படியிறங்குவாள்?

மெட்டைத் தாண்டி ஏலக்காட்டுக்குள் நடந்தால் ஏரி. அதன் நடுவில் கரிமேடு. அணை கட்டித் தண்ணீர் சூழ்வதற்கு முன்னால் கன்னையனின் பாட்டன் அங்கே மாடு மேய்த்திருக்கிறார். ஆத்தா கோபத்தில் நெருப்பைக் கக்கிய இடம் என்பார்கள். பொய்யென்றும் சொல்லிவிட முடியாது. கல்லெல்லாம் கருகி, அடிப்பிடித்த பணியாரம் போல ஓட்டை ஓட்டையாகக் கிடக்கும். இப்போது சர்க்கார் அதைப் பறவைகளுக்கென்று ஒதுக்கிவிட்டது. மனுசன் கால் வைக்கக் கூடாது.

காவலுக்கு இருந்த வாச்சர் வெள்ளைத்துரை இளகின மனசுக்காரர். இருளம்மாள் அழுத அழுகையில் தன் வேலை போனாலும் போகட்டும் என்று இருவரையும் தெப்பத்தில் ஏற்றினார்.

"அடைகாக்குற சமயம் அண்ணே. ஒரு கூட்டையும் தொட்டுறாதீக. ஒரு பிடி மண்ணுதான? வெரசா சோலிய முடிச்சுட்டு வாங்க."

மேட்டு உச்சியில் ஆத்தா இருந்தாள். முழங்கால் உயரக் கல். தலையெல்லாம் பறவை எச்சம். அவள் காலை ஒட்டி, கருமண்ணைக் குழித்து மூன்று முட்டைகள். அடைகிடந்த பறவை பறந்து போகவில்லை. இறக்கையை விரித்துக்கொண்டு சீறியது.

"ஒரு சாண் தள்ளி எடுத்துக்கங்க அண்ணே. எல்லாம் ஒரே மண்ணுதான்" என்றார் கூடவே மேடேறி வந்த வெள்ளைத்துரை.

"தள்ளியே எடுங்களேன். ஆத்தாளுக்குத் தெரியாதா?" என்றாள் இருளம்மாள்.

"கோடாங்கி சொன்னது காதுல விழுகலையா? இம்புட்டுத் தூரம் வந்து கோணலாச் செஞ்சுட்டு, நாளைக்கு ஒப்பாரி வைக்கவா?"

பிள்ளைப் பாசம் கண்ணை மறைத்தது என்பதா, மடத்தனம் என்பதா? ஒரு சாண், ஒரே ஒரு சாண் அவன் விட்டுக்கொடுத்திருக்கலாம். பறவையைத் துண்டால் விரட்டினான். அது கையைக் கொத்தி ரத்தம் வரவழைத்தது. கண்ணை மூடி, "ஆத்தா, வா" என்று சொல்லி, குழிக்குள் கையை விட்டு அள்ளி அவள் முந்தியில் போட்டான்.

முந்தியில் விழுந்தது மண் மட்டுமில்லை. உடைந்த ஓடும், ஓட்டுக்குள் ஈரம் காயாத குஞ்சும் கூடவே விழுந்தன. குஞ்சு ஒரு தரம் வாயைத் திறந்தது. அப்புறம் திறக்கவில்லை.

தெப்பம் கிளம்பியதும் பறவையும் கிளம்பியது. தலைக்குமேலே சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டே வந்தது. பாதி ஏரியில் இருளம்மாள் எழுந்து, கன்னையன் என்ன ஏதென்று பார்ப்பதற்குள் முந்தியைத் தண்ணீரில் உதறிவிட்டாள்.

"அடியே! என்ன காரியம் பண்ணுன?" பாய்ந்து பிடித்தவன் கையில் ஈரச்சேலைதான் இருந்தது.

"ரெண்டப் பறிகுடுத்தவ நானு. அது வயித்தெரிச்சலக் கொண்டுபோயி எம் புள்ள தலமாட்டுல வைக்கச் சொல்றீகளா?"

தெப்பத்தைத் திரும்ப மேட்டுக்கு விடச் சொல்லி வெள்ளைத்துரையின் காலைப் பிடித்தான் கன்னையன்.

"இனிமே அந்தப் பக்கம் விடமாட்டேன் அண்ணே. அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு வந்துருச்சு" என்று கரையைப் பார்த்தே துழாவினார் அவர்.

பொழுதிறங்க ஊருக்கு வந்தார்கள். வாசலில் பெண்கள் கூட்டம். சந்திரவல்லி ஓடிவந்து அண்ணன் தோளில் முட்டி முட்டி அழுதாள்.

"நீங்க வர்றதுக்குச் சித்த முன்னாடிதான் அண்ணே போயிட்டா. ஆத்தா வந்துட்டாளா, ஆத்தா வந்துட்டாளான்னு கேட்டுக்கிட்டே கெடந்தா."

பிள்ளை, தன்னைப் பெற்ற ஆத்தாளைக் கேட்டதா, மண்ணாக வரவேண்டிய ஆத்தாளைக் கேட்டதா? எவரைக் கேட்டிருந்தாலும் இரண்டு பேருமே வந்து சேரவில்லை.

ஓடைக்கரையில் மூன்றாவது குழியையும் மூடிவிட்டு வந்து மூலையில் உட்கார்ந்தான். கொத்துப்பட்ட கை வீங்கியிருந்தது. நகக்கண்ணில் கருமண் இன்னும் இருந்தது. இருளம்மாள் அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"நெசத்தச் சொல்லுங்க. நான் ஒதறாம இருந்திருந்தா பொழச்சிருப்பாளா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவளுக்கு அழுகையாவது வந்திருக்கும். அவன் நகக்கண்ணிலிருந்த கருமண்ணைக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தான். அவள் உதறியே தீரவேண்டியதாய், குஞ்சோடு சேர்த்து அந்த மண்ணை அள்ளிப் போட்டவன் அவன்தானே.