யோபு வியாக்கியானம்

சவப்பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அப்பாவின் மேசை காலியாகக் கிடப்பது மெல்வின் கண்ணில் பட்டது. சாவு வீட்டில் மேசையைப் பார்க்கிறவன் உண்டா? பார்த்துவிட்டான்.

பன்னிரண்டு வருடமாக அப்பா கையால் எழுதிய, பைபிளின் யோபு புத்தகத்துக்கான வியாக்கியானம், துணி சுற்றி அங்கேதான் இருக்கும். வேறு பிரதி கிடையாது. கடைசி அதிகாரத்தை முடித்த கையோடு, நேற்றுக் காலை ஊற்றிவைத்த காபி ஆறுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார் மனுஷன்.

அப்பா ஆண்டனி ராஜ் நாகலூர் சபையின் உபதேசியார். இருக்கிற வியாக்கியானமெல்லாம் படித்தவனுக்குப் படித்தவன் எழுதியது, எஸ்டேட் லைன் வீடுகளில் பிரசங்கம் பண்ணுகிறவனுக்கு யார் எழுதுவது என்று கேட்பார். அதனால் எழுதியதையெல்லாம் பக்கத்து வீட்டுத் தனலட்சுமிக்கு வாசித்துக் காட்டுவார். காபிப் பழம் பறிக்கிற அவளுக்கு எழுத்துத் தெரியாது. கும்பிடுகிற சாமியும் வேறு. அவள் முகம் சுளித்தால் அந்தப் பத்தி போச்சு, மறுபடி முதலிலிருந்து எழுதுவார்.

மெல்வின் பதறிப்போய் விசாரித்ததும் அவள்தான் வாய் திறந்தாள்.

"தலைக்கு பைபிள் வெக்கோணும்னு அம்மா சொன்னாங்க சாமி. நாந்தான் எடுத்து வெச்சேன்."

"அது பைபிள் இல்லீங்கக்கா."

"பின்ன என்ன சாமி? அதுலதான எனக்குப் படிச்சுக் காட்டுவாரு."

யாரைத் திட்டுவது? ஆனால் மண்ணுக்குள் போனால் போனதுதான். திறக்கச் சொன்னான். மூடிய பெட்டியைத் திறக்கக் கூடாது என்றார் பாஸ்டர். அம்மா பித்துப்பிடித்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவன் பிடிவாதமாக நிற்கவே, பெட்டிக்காரர் சேகர் முணுமுணுத்தபடி ஆணிகளைப் பிடுங்கினார்.

மெல்வின் அப்பாவின் பிடரிக்கடியில் கைவிட்டுப் பிரதியை வெடுக்கென்று உருவினான். தலை பலகையில் டொக்கென்று மோதியது.

பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஐயோ, அப்பாவுக்கு வலித்திருக்குமே என்றுதான் மெல்வினுக்குத் தோன்றியது. பிரதியை மார்போடு அணைத்துக்கொண்டு சிலையாக நின்றான்.

தனலட்சுமி தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நாலாக மடித்தாள்.

"தலையக் கொஞ்சம் தூக்கிப் புடி சாமி," என்றாள்.

கையிலிருப்பதை எங்கே வைப்பதென்று தெரியாமல் மெல்வின் சுற்றுமுற்றும் பார்த்தான்.