நாழிமொட்டைக்கு ஏற்ற மாதம்

மலைக்கு மாதம் பார்ப்பதும் பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதும் ஒன்றுதான், எல்லாம் பொருந்தி ஒன்றும் அமையாது என்பான் ராக்கப்பன். மம்சாபுரத்துக்காரன். மேற்கு மலையில் விளக்குமாற்றுப் புல்லும் கடுக்காயும் எடுத்து வந்து பிழைப்பவன். அவன் கணக்கில் ஆனியும் ஆடியும் ஆகாது, மேற்கேயிருந்து வீசும் மேகாத்து ஆளைத் தூக்கி எறிந்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் ஓடை எப்போது பெருகும் என்று ஓடைக்கே தெரியாது. அட்டை வேறு காலில் ஏறி இடுப்புக்கு வந்து நிற்கும். பங்குனி சித்திரையில் குடிக்கத் தண்ணீர் இராது, காய்ந்த புல்லில் ஒரு பீடி நெருப்பு விழுந்தால் மலையே பற்றிக்கொள்ளும். மற்ற மாதத்துக்கும் ஒவ்வொரு குறை சொல்வான். கழித்துக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது தை ஒன்றுதான்.

ஞானராஜின் நெஞ்சுக்கோ தைப்பனி ஆகாது. அங்கேதான் சிக்கல்.

ஞானராஜ் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் புளோ ரூம் வேலைக்காரன். பேல் என்கிற பஞ்சுப் பொதியை உடைத்துப் பிய்த்து மிஷினுக்குக் கொடுக்க வேண்டும். அங்கே காற்று என்று தனியாக ஒன்றும் கிடையாது. பஞ்சுத்தூசிதான் காற்று. வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றாலும் எச்சில் துப்பினால் நூல் நூலாக வரும். டீ நேரத்தில் பின்வாசலுக்கு வந்தால் எதிரே நாழிமொட்டை நிற்கும். நெல் அளக்கிற நாழியைக் கவிழ்த்து வைத்த மாதிரி, மரமில்லாத மண்டையோடு, மற்ற மலைகளுக்கெல்லாம் மேலே. அதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தவர்கள் இரண்டு பேர். ஞானராஜும் அவன் கூட்டாளி குருசாமியும். வருசம் தவறாமல் "அடுத்த தைக்கு ஏறிருவோம்" என்பான் குருசாமி. எண்பத்தாறு சித்திரையில், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியிலேயே பல மாதம் தூங்கிய குருசாமி, அந்த நாற்காலியிலேயே போய்விட்டான். பாடை தூக்கிய ஞானராஜ் தெரு முக்கு தாண்டுவதற்குள் தோளை வேறு ஆளுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் இப்போது மூன்று தலையணை வேண்டியிருந்தது. அடுத்த நாற்காலி தனக்குத்தான் என்று தெரிந்துபோயிற்று. அதற்குள் ஒரு தடவை அந்த மொட்டையில் ஏறி நின்றுவிட வேண்டும்.

பனி ஒரு பக்கம் இருக்கட்டும், லீவு இன்னொரு பக்கம். மில்காரர்களிடம் ஒரு வார்த்தை உண்டு: லீவுப்பிடி. வார லீவு முடிந்து மறுநாள் உள்ளே போனால் நெஞ்சைக் கயிறு போட்டுக் கட்டின மாதிரி பிடிக்கும். நாள் போகப்போகக் கொஞ்சம் தளரும். வாரக் கடைசியில் ஒரு மாதிரி பழகிவிடும். ஆகவே கெடுதல் செய்வது லீவு என்பது அவர்கள் முடிவு. வெளிக்காற்று பட்டால் பழகின நெஞ்சு பழக்கம் விட்டுப்போகுமாம். ஞானராஜ் இதைப் பைபிள் வசனம் மாதிரி நம்பினான். லீவு நாளிலும் ஓவர்டைம் கேட்டு வாங்கினான். கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்த கையோடு ஷிப்டுக்குப் போனவன் அவன். மலை ஏறவோ சேர்ந்தாற்போல லீவு வேண்டும். லீவு போட்டால் பிடி வரும். பிடி வந்தால் மலை ஏது?

அதனால் வாரக் கடைசியில், நெஞ்சு பழகிய சூட்டோடு ஏறிப் பார்த்துவிடலாம் என்று நினைத்தான். ஒத்திகைக்கு ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை ஷிப்டு முடிந்து மலை தெரிந்த ராக்கப்பனோடு, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் திருவண்ணாமலை என்றே பேருள்ள பெருமாள் குன்றுக்குப் போனான். பெருமாளைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. சிறுசுகளும் கிழடுகளும் கோவிந்தா போட்டுக்கொண்டு ஏறின அந்தப் படியில் பாதிகூட ஞானராஜால் ஏற முடியவில்லை. உட்கார்ந்தான். கண் சொருகியது. பக்கத்தில் வந்த ஒரு அம்மாள், பக்தி முற்றிப்போய் ஆள் மயங்குகிறான் என்று நினைத்துத் துளசித் தண்ணீரை முகத்தில் தெளித்து, சாமி பேரைச் சொல்லுங்க என்று உலுக்கினாள். நான் சர்ச்சுக்குப் போகிறவன் என்று சொல்லக்கூட அவனிடம் மூச்சு இல்லை. ராக்கப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். கொஞ்ச நேரத்தில், ஞானராஜின் உதடு நீலம் பாய்ந்திருப்பதைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

"ஏலே, மொட்டைய மறந்துரு" என்றான். "இது குட்டி. அது தாயி."

ஐப்பசியில் போனஸ் தகராறு முற்றி மில்லைப் பூட்டினார்கள். கேட்டில் கூடினவர்கள் கத்தினார்கள். ஞானராஜ் கத்தவில்லை. அவனுக்கு வேறு பயம். ஒரு நாள் லீவுக்கே அந்தப் பிடி என்றால், எப்போது திறப்பார்கள் என்றே தெரியாத இந்த லீவுக்கு? வீட்டில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, வரப்போகிற பிடிக்காகக் காத்திருந்தான். அவன் பொண்டாட்டி அன்னத்தாய்க்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. செங்கல் சூளையில் கல் சுமப்பவள். மழை மாதத்தில் சூளை கிடையாது என்பதால் சுந்தரபாண்டியத்தில் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தாள். சாகிறதுதான் என்றால் வரப்பில் வந்து சாகலாம், ஒரு நேரக் கஞ்சியாவது மிஞ்சும் என்று சொல்லி அவனையும் இழுத்துக்கொண்டு போனாள். முதலில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது. பிறகு வரப்பு வெட்டினான். பிறகு நாற்றுமுடி சுமந்தான். இருமல் இருந்தது. ஆனால் துப்பினால் நூல் வரவில்லை.

கார்த்திகைக் கடைசியில் ஒரு காலை, அன்னத்தாய் கஞ்சிச் சட்டியை அவன் முன்னால் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"நாலஞ்சு நாளா தலகாணி இல்லாமப் படுக்கீய. தெரியுமா?"

அவன் கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தான். சந்தோசம் வரவில்லை, பயமாக இருந்தது.

"ஏட்டி, புடி வரலையே."

"வராட்டா நல்லதுதான. அதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வைக்கீய?"

"லீவுனால வாரதுன்னா, இம்புட்டு லீவுக்கு நான் இந்நேரம் செத்திருக்கணும்லா."

அவன் கஞ்சியைத் தொடவில்லை. குருசாமி கடைசி வரைக்கும் லீவைத் திட்டிக்கொண்டே செத்தான்.

பொங்கலுக்கு முன்னால் பேச்சுவார்த்தை முடிந்தது, பொங்கல் கழிந்த வாரம் மில் திறக்கிறது என்று சேதி வந்தது. மறுநாளே ஞானராஜ் மம்சாபுரம் போய் ராக்கப்பன் முன்னால் நின்றான். தை பாதி போகட்டும், பனி குறையட்டும் என்றான் ராக்கப்பன்.

"பனிக்குப் பயந்தது போதும். மில்லு தொறக்கிறதுக்கு முந்தி ஏறணும். அதுதான் மாசம்."

ராக்கப்பன் அவனைச் சுற்றி ஒரு நடை நடந்து, மாட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். சரி என்றான். அன்னத்தாயும் வருவேன் என்று நின்றாள். மேலே விழுந்தால் இந்த ஆளை யார் இறக்குவது, ராக்கப்பன் புல்லுக்கட்டைத்தான் சுமப்பான், புருசனைச் சுமக்க மாட்டான் என்றாள்.

பொங்கல் முடிந்ததும் கிளம்பினார்கள். அடிவாரத்தில் முள்காடு, அதற்கு மேல் மூங்கில், அதற்கு மேல் வெயில் தரையில் விழாத பெருமரக் காடு. ஞானராஜ் கொஞ்சம் நடப்பான், நிற்பான். நின்றால் மூச்சு வந்தது. மூச்சு வந்தால் நடந்தான். இருட்டுவதற்கு முன் ஒரு புடவுக்கு வந்து சேர்ந்தார்கள். பாறை கூரைபோல நீட்டிக்கொண்டிருந்த அந்த இடத்தில் சோறு பொங்கித் தின்றுவிட்டு, வெறும் கல்லில் மல்லாந்து தூங்கினான்.

விடிந்து ஏறும்போது மரங்கள் குட்டையாகி, நின்றே போயின. இடுப்பளவு புல் மட்டும். அங்கேதான் கீழே இருந்து மேகம் வந்தது. புல்லை நக்கிக்கொண்டு, பொதி பொதியாக, வெள்ளை வெளேரென்று. முன்னால் போன ராக்கப்பன் மறைந்தான். அன்னத்தாயின் தலைச்சுமை மட்டும் செத்த நேரம் மிதந்தது, அதுவும் போயிற்று. ஞானராஜின் கை தானாகத் துண்டை எடுத்து வாயில் அமுக்கியது. கால் நகரவில்லை. மிஷின் வாயைத் திறந்த மாதிரியே இருந்தது அவனுக்கு. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். எவ்வளவு நேரம் அடக்க முடியும்? அவளைக் கூப்பிட வேண்டும் என்றால் வாயைத் திறக்க வேண்டும். துண்டை எடுத்தான்.

"அன்னத்தாயி!"

கூப்பிட்ட வாய்க்குள் மேகம் போனது. ஜில்லென்று, ஈரமாக. தொண்டையில் ஒட்டவில்லை, அரிக்கவில்லை. அடி நெஞ்சு வரைக்கும் இறங்கியது. இன்னொரு முறை இழுத்தான். இன்னும் இறங்கியது. தன் நெஞ்சுக்குள் இத்தனை இடம் இருக்கிறது என்று அவனுக்கு இது நாள்வரை தெரியாது. மேலே எங்கிருந்தோ அவள் குரல் கொடுத்தாள். குரலைப் பிடித்துக்கொண்டு ஏறினான்.

மேகத்தை விட்டுத் தலை வெளியே வந்தபோது மொட்டையின் மேல் நின்றான்.

இந்த மலையோடு எல்லாம் முடிந்தது, அந்தப் பக்கம் சரிந்து கேரளம் என்றுதான் அவன் நினைத்திருந்தான். முடியவில்லை. இதற்குப் பின்னால் மலை. அதற்குப் பின்னால் அதைவிடப் பெரிய மலை. கருநீலமாக, நீலமாக, கடைசியில் மலையா வானமா என்று தெரியாமல். நடுவில் கிடந்த காட்டில் ஒரு கூரை இல்லை, ஒரு புகை இல்லை. சத்தமே இல்லாத இடத்தில் காற்று மட்டும் வருவதும் போவதுமாக இருந்தது. எத்தனையோ தடவை வந்த ராக்கப்பனே தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஞானராஜ் முழங்கால் போட்டு உட்கார்ந்தான். ஜெபம் சொல்ல வாயெடுத்தவன் இன்னொரு மூச்சைத்தான் இழுத்தான். இவ்வளவும் இங்கே நின்றுகொண்டிருந்திருக்கிறது. தான் பேல் உடைத்த நாளெல்லாம் நின்றிருக்கிறது.

கிழக்கே மேகம் கிழிந்தது. கண்மாய்கள் எல்லாம் நிறைந்து தகடு தகடாக மின்னின. வில்லிபுத்தூர்க் கோபுரம் ஒரு நெல்மணி. ஊருக்குப் பக்கத்துச் சஞ்சீவி மலை கொட்டி வைத்த மண்கூடை. அன்னத்தாய் கண்ணுக்குமேல் கையை வைத்து மில்லைத் தேடினாள், அவனும் தேடினான். ராஜபாளையம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கல் இருந்தது. அதற்குள் எது என்று தெரியவில்லை.

பாறை நனைவதற்குள் இறங்க வேண்டும் என்றான் ராக்கப்பன். ஞானராஜ் எழுந்திருக்கவில்லை.

"மாசியில புல்லறுக்க எத்தன பேரு வாரிய?"

மில்லை விடப் பார்க்கிறான் என்று ராக்கப்பனுக்குப் புரிந்தது. "ஆளு பத்தாதுதான். ஆனா மாப்ளே, இது மில்லுச் சம்பளம் மாதிரி வராது. வயித்துக்குக் காணும், அம்புட்டுதான்." சொல்லிவிட்டு, முடிவு சொல்ல வேண்டியவள் இவள் என்பதுபோல அன்னத்தாயைப் பார்த்தான்.

அவள் முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்துத் தலையில் வைத்து அமுக்கிப் பார்த்தாள். சரிவில் பூ முற்றிய விளக்குமாற்றுப் புல் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

"மாசி எதுக்கு?" என்றாள். "அருவாளக் குடுங்க. வெறுங்கையோடயா எறங்குவாக?"