துப்பாக்கி வாத்தியாரை விசாரித்த பஞ்சம்மாள்

1977 பங்குனியில் திருப்பாலைக்குடி உப்பளத்தில் சுடப்பட்ட ரைபிள் குண்டு ஒன்று, உப்பு வாரிக்கொண்டிருந்த இருளம்மாளின் நெஞ்சுக்கு நான்கு முழம் முன்னால் காற்றில் நின்றது. சுட்டவன் பால்சாமி, பயிர்க்காவலுக்காகத் துப்பாக்கி பழக வந்த விவசாயி. பழக்கியவர் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற கூத்தையா. உப்பளத்தை ஒட்டிய பொட்டலில்தான் அவருடைய வகுப்பு நடக்கும். இருளம்மாள் குறுக்கே வந்துவிட்டதைக் கண்டு அவர் "நில்லு" என்றார். அதற்குள் பால்சாமியின் விரல் விசையை அழுத்திவிட்டது. குண்டு அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. கீழே விழவில்லை, ஆறவும் இல்லை. வாடைக் காற்றிலும் கச்சான் காற்றிலும் இடம் மாறாமல், காதைக் கிட்டே கொண்டுபோனால் குளவி மாதிரி இரைந்துகொண்டு, மேலே விழும் மழைத்துளியைச் சுர்ரென்று ஆவியாக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே சுழன்றது. பரமக்குடியிலிருந்தும் அக்காள்மடத்திலிருந்தும் ஆட்கள் பஸ் பிடித்து வந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள்.

பஞ்சம்மாள் 1986-ல் வந்தாள். பரமக்குடிக்குத் தெற்கே அவளுக்கு நான்கு ஏக்கர் கடலைக் காடு. இரண்டு வெள்ளாமையைத் தொடர்ந்து பன்றிகள் தோண்டித் தின்றுவிட்டதால், துப்பாக்கிக்கு மனுப்போட்டு லைசென்சும் வாங்கியிருந்தாள். யாரிடம் பழகுவது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை அவள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுடைய தம்பி முத்தழகு 1979-ல் துப்பாக்கி பழகப் போய் வகுப்பிலேயே இறந்தவன். கூடப் படித்தவன் காலித் துப்பாக்கி என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தது காலியாக இல்லை. அவனைச் சேர்த்துவிட்டவள் பஞ்சம்மாள்தான். சேர்ப்பதற்கு முன்னால் அவள் ஒருவரிடமும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

எனவே இந்த முறை முதலில் தம்பிக்குப் பழக்கிய அந்த வாத்தியாரிடமே போனாள். பொன்னுச்சாமி என்று பெயர். பரமக்குடியில் அவர் வீட்டுக் கூடத்துச் சுவர் தெரியாத அளவுக்குச் சான்றிதழ்கள் மாட்டியிருந்தன. தம்பியின் பெயரைச் சொன்னாள். அவர் நோட்டைப் புரட்டினார், அப்படி ஒரு பெயர் இல்லை என்றார். "எங்கிட்டப் படிச்சவன் தப்புச் செய்ய மாட்டான் தாயி. செஞ்சான்னா அவன் எங்கிட்டப் படிக்கலைன்னு அர்த்தம்" என்றார். பஞ்சம்மாள் எழுந்து வந்துவிட்டாள். வெயிலில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து, ஒரு சோடா குடித்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினாள்.

அதற்குப் பிறகு நான்கு மாதம், ஏழு ஊர். கூத்தையாவிடம் பழகியவர்களை வீடு வீடாகத் தேடிப் போனாள். குறி தவறாமல் சுடுவீர்களா என்று எவரிடமும் கேட்கவில்லை. கையை நீட்டச் சொல்லி விரல்கள் முழுசாக இருக்கின்றனவா என்று பார்த்தாள். துப்பாக்கி வீட்டில் எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது, தோட்டா எங்கே இருக்கிறது, பிள்ளைகளுக்கு எட்டுமா என்று பார்த்தாள். எல்லா வீட்டிலும் துப்பாக்கியின் வாய் சுவரைப் பார்த்திருந்தது. எடுத்துக் காட்டும்படி கேட்டால், ஒரு நிமிடத்துக்கு முன்புதான் திறந்து பார்த்தவன்கூட மறுபடியும் திறந்து பார்த்துவிட்டே கையில் கொடுத்தான். பால்சாமி மட்டும் அன்றைக்குப் பிறகு துப்பாக்கியைத் தொடவில்லை. "நில்லுன்னு என்னையத்தான் சொன்னாரு. நான் நிக்கல, அது நின்னுச்சு" என்றான். பேசும்போது தன் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

கடைசியில் உப்பளத்துக்கு வந்தாள். குண்டின் முன்னால் நெடுநேரம் நின்றாள். அதன் சூடு முகத்தில் பட்டது. தம்பி இறந்தபோதுகூட இப்படி அழவில்லை என்று பின்னாளில் இருளம்மாளிடம் சொல்லியிருக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொட்டலில் குறிப்பலகை நட்டுக்கொண்டிருந்த கூத்தையாவிடம் போய்க் கேட்டாள்.

"அன்னைக்கு இருளம்மா எப்படிய்யா குறுக்க வந்துச்சு?"

கூத்தையா மண்வெட்டியைக் கீழே வைத்தார். "ஒம்போது வருசமா வாரவுக எல்லாம் குண்டு எப்படி நின்னுச்சுன்னுதான் கேக்குறாக. அது எனக்கே தெரியாது தாயி. நீ கேட்டது தெரியும். சுடுறப்ப செவப்புக் கொடி கட்டணும், அப்பத்தான் ஆளுக இந்தப் பக்கம் வர மாட்டாக. அன்னைக்குக் கொடி வீட்டுல கெடந்துச்சு. ஒரு ரவுண்டுதானன்னு கட்டாமலே ஆரம்பிச்சிட்டேன். பால்சாமி மேல குத்தமில்ல. எம்மேலதான்."

"இதை வேற யாருகிட்டயும் சொல்லியிருக்கீகளா?"

"இருளம்மாகிட்டச் சொன்னேன். மறுநாளே."

"நாளைக்கு வாரேன்" என்றாள் பஞ்சம்மாள்.

முதல் எட்டு நாள் அவர் அவளுக்குத் தோட்டாவையே காட்டவில்லை. ஒன்பதாம் நாள் அவள் சுட்ட முதல் குண்டு பலகைக்கு வெளியே போய், யார்மேலும் படாமல், பின்னாலிருந்த மணல்மேட்டில் புதைந்தது. இருவருக்கும் அது போதுமானதாக இருந்தது. அதன்பின் இருபத்து மூன்று ஆண்டுகள் அவள் கடலைக் காட்டைக் காத்தாள். பன்றிகளில் பாதி வெடிச் சத்தத்திலேயே ஓடின. மனிதர் யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

2009 சித்திரையில் கூத்தையா இறந்தார். அன்றைக்கே உப்பளத்தில் வேலை நின்றது. சொல்லை இட்டவர் போய்விட்டார், இனி குண்டு யார் பேச்சைக் கேட்கும் என்று ஊர் பயந்தது. விட்ட இடத்திலிருந்து அது புறப்பட்டால் எந்த நெஞ்சைத் தேடிப் போகும் என்பதிலும் யாருக்கும் சந்தேகமில்லை. இருளம்மாளை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். அவள் இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் காலையில் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். "மழை வந்தா உப்பு கரைஞ்சுரும். நான் போறேன்" என்றாள். கூத்தையாவின் துட்டிக்கு வந்து தங்கியிருந்த பஞ்சம்மாளும் கூடப் போனாள். குண்டின் முன்னால் வந்ததும், அதற்கும் இருளம்மாளுக்கும் நடுவில் தான் இருக்கும்படி பக்கம் மாறிக்கொண்டாள்.

ஊரார் கரையில் நின்று பார்த்தார்கள். இருவரும் நடந்து அந்தப் பக்கம் போனார்கள். உப்பை வாரி நிறைத்துக்கொண்டு அதே வழியில் திரும்பி வந்தார்கள். குண்டு இரைந்துகொண்டு நின்றது. மத்தியானத்துக்குள் எல்லோரும் உப்புப் பாத்தியில் இறங்கிவிட்டார்கள். அந்த வருடக் கோடையில் உப்பு லாரிக்காகச் செம்மண் பாதை போட்டபோது, குண்டு நிற்கும் இடத்தில் மட்டும் இரண்டடி வளைத்துப் போட்டார்கள். லாரிக்காரர்களுக்கு இப்போது அந்த வளைவு பழகிவிட்டது.