குறை சொல்லும் தொழில்

இதில் ஒரு சொல் பொய் என்றாலும் சொன்ன நாக்கு அழுகிப் போகட்டும்.

சிறுசேரிக் கம்பெனி ஒன்றில் மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பதுதான் ஜெபாவின் வேலை. அதை உதறிவிட்டுத் தனியாக ஆலோசனை சொல்லிப் பிழைக்கப் போகிறேன் என்றபோது, புருஷன் தாவீது தட்டிலிருந்து நிமிரவே இல்லை.

"குறை சொல்றதுக்கு எவன் துட்டு குடுப்பான்? எங்க வூட்ல எல்லாரும் சும்மாவே சொல்லிகினு கீறாங்க. முதல் வேலை சொதப்புச்சுன்னா மறுபடியும் கம்பெனிக்கே போயிடு."

கொடுக்க ஒருவர் இருந்தார். திருப்போரூரில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் பன்னீர்செல்வம். மகள் அன்பரசிக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் தாய்மாமன் ஜானகிராமன் ஏதாவது ஒரு குறையைப் பிடித்து முறுக்கிக்கொள்ளாமல் எந்தத் தாலியையும் கட்டவிட்டவர் இல்லை. ஒருமுறை கோபித்துக்கொண்டு மாமல்லபுரம் வரை நடந்தே போய்விட்டார். சமாதானம் சொல்லப் பின்னாலேயே மேளமும் ஐயரும் போக, அந்தக் கல்யாணம் கடல் மணலில் நடந்தது.

"அவரு கண்ல படறதுக்குள்ள நீ கண்டுபுடிச்சுடு, ஜெபாம்மா," என்றார் பன்னீர்செல்வம். பிழை சொன்னால் முகம் சுளிப்பவர்களையே பார்த்துப் பழகியவளுக்கு, சொல்லச் சொல்லி ஒருவர் கெஞ்சியது புதிதாக இருந்தது.

கல்யாணத்துக்கு முதல் நாளே திருக்கழுக்குன்றம் மண்டபத்துக்குப் போனாள். ஆடும் நாற்காலிகளை ஓரங்கட்டினாள். வாசல் பேனரில் சித்தப்பாவைவிடத் தாய்மாமன் சின்னதாக இருந்தார். புதிதாக அடிக்க வைத்தாள். கழுகுக்குப் பந்தல் எப்படித் தெரியும் என்று மொட்டை மாடி ஏறிக்கூடப் பார்த்தாள்.

விடிந்ததும் ஜானகிராமன் வந்தார். மண்டபத்தைச் சுற்றினார். காபியை முகர்ந்தார். மறுபடியும் சுற்றினார். பிறகு காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். முகூர்த்தம் நெருங்கியது.

"இன்னா குறைன்னு சொல்லுங்க மாமா," என்று பன்னீர்செல்வம் கண்ணாடியைத் தட்டினார்.

"ஒண்ணும் இல்லியே. அப்புறம் என்னை இன்னாத்துக்குக் கூப்ட்டீங்க?"

அந்த முகத்தை ஜெபாவுக்குத் தெரியும். ஒரு பிழையும் சிக்காத வாரங்களில், உனக்கு இங்கே என்ன வேலை என்று மேலதிகாரி கேட்காமல் கேட்கும்போது, கழிவறைக் கண்ணாடியில் அவள் பார்க்கும் முகம் அது. உள்ளே போனாள். டிபன் பந்தியில் அவருக்குப் போட்டிருந்த இலையைத் தன் கையாலேயே திருப்பிப் போட்டாள்.

"ஐயா, உங்க எலையை ஒரு தரம் பாத்துடுங்க. எனக்கு என்னமோ சரியாப் படல."

வந்து பார்த்தார். முகத்தில் ரத்தம் ஊறியது. "இன்னாய்யா இது, நுனி சோத்துக்கைப் பக்கம் கீது? பொண்ணு வூட்ல எல போடக்கூட ஆளு இல்லியா?" அந்தச் சத்தத்துக்கு, மலைக்கோயில் சோற்றுக்குக்கூடப் பல வருஷமாக வராத கழுகு இரண்டும் வந்து மலையைச் சுற்றின. பன்னீர்செல்வம் மன்னிப்புக் கேட்டார். ஜானகிராமன் பெருந்தன்மையோடு மன்னித்தார். தாலி ஏறியது.

அன்றே மூன்று பெண்களின் அப்பாக்கள் ஜெபாவின் நம்பரை வாங்கிக்கொண்டார்கள்.

இன்று காலையும் ஜெபா, கழுத்தில் அடையாள அட்டையோடு, கம்பெனி வேனின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து சிறுசேரிக்குப் போனாள்; வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அந்த வேனை அவள் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. சொன்ன நாக்குதான் இன்னும் அழுகவில்லை.