தொட்டி நிறைந்தால் பெண் பார்க்கலாம்

மலாக்கா கரைக்கு அப்பால் கப்பல் நங்கூரமிட்டிருந்தது. வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி. இயந்திர அறையில் வேலை பார்க்கும் சேதுபதிக்கு அன்று முதல் ஒரு வாரம் லீவு. பத்தரைக்குள் அவன் கரையிலுள்ள காஜா பேராங் போய்ச் சேர வேண்டும். அங்கே கமலவேணியைப் பெண் பார்க்கும் நாள். பத்தரை ஆனால் ராகு காலம்.

"எஞ்சின் தொட்டியைச் சுத்தமான எண்ணெயால் நிரப்பிவிட்டுப் புறப்படு" என்றிருந்தார் எஞ்சினியர்.

எண்ணெயைச் சுத்தம் செய்யும் இயந்திரத்துக்குள் ஒரு கிண்ணம் அசுர வேகத்தில் சுழலும். கனமான தண்ணீரும் கசடும் ஓரத்துக்கு வீசப்படும். லேசான எண்ணெய் நடுவில் ஒதுங்கி வெளியேறும். ஆனால் முதலில் கொஞ்சம் நல்ல தண்ணீர் விட வேண்டும். அது ஓரத்தில் சுவர்போல நின்று எண்ணெயை மறிக்கும்.

அவசரத்தில் சேதுபதி எண்ணெயை முதலில் திறந்துவிட்டான். தண்ணீர் போகும் வழியில் எண்ணெய் பாய்ந்தது. வடிகால் பொங்கிச் சட்டையும் கையும் கறுப்பு.

"மாப்ளே, கல்யாணம் உனக்கா மிஷினுக்கா?" என்று சிரித்தான் கூட வேலை செய்யும் ஹாஜா. "பக்கத்துக் குழாயைத் திறந்துவிடு. மிஷினுக்குள்ள போகாமலே தொட்டி நெறஞ்சிடும். கரைக்குப் போற சம்பான் படகுக்காரன் கத்துறான் லா!"

"தண்ணி கலந்த எண்ணெய் போனா நடுக்கடல்ல எஞ்சின் நின்னுடும். நான் வீட்ல இருப்பேன், நீதான் கப்பல்ல இருப்பே."

"அல்லா! நிதானமாவே செய்யி."

இயந்திரத்தை நிறுத்தி, தண்ணீர் விட்டு, மறுபடி தொடங்கினான். தொட்டி நிறைவதற்குள் சம்பான் போய்விட்டது. சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு அடுத்த சம்பானில் கரையேறி, ரிக்‌ஷா பிடித்துப் பெண் வீட்டு வாசலில் இறங்கும்போது பதினொன்றேகால். நாடு சுதந்திரம் பெற்றபோது கட்டிய கொடி இன்னும் கதவில் ஆடிக்கொண்டிருந்தது.

பெண்ணின் அப்பா மாணிக்கவாசகம் குறுக்கே கை நீட்டினார்.

"இப்ப உள்ளே வராதீங்க தம்பி. பன்னெண்டு அடிக்கட்டும்." பிறகு உள்ளே திரும்பி, "முதல் நாளே நேரம் தவறுறான். இது சரிப்படாது" என்றது தெளிவாகவே கேட்டது.

சேதுபதி ரம்புத்தான் மரத்தடியில் நின்றான். பின்பக்கமாக ஒரு பெண் வந்து மண்ணெண்ணெயும் சோப்பும் நீட்டினாள். போட்டோவில் பார்த்த முகம். கமலவேணி!

"கை கழுவிக்குங்க. ஏன் லேட்டு?"

கையைத் தேய்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னான், தன் தவறையும் சேர்த்து.

"அந்தப் பக்கத்துக் குழாயைத் திறந்திருந்தா யாருக்குத் தெரியும்?"

"எஞ்சின் நின்னதும் ஹாஜாவுக்குத் தெரியும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கப்பல் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை வரும், லீவு எத்தனை நாள் என்று வரிசையாகக் கேட்டாள். கை வெளுத்த பிறகும் அவன் கழுவிக்கொண்டே இருந்தான்.

பன்னிரண்டு அடித்தது. மாணிக்கவாசகம் அரை மனதாக அவனை உள்ளே உட்காரவைத்தார்.

"கமலா, வந்து பாரும்மா. பிடிக்கலேன்னா சொல்லிடு."

"பார்த்தாச்சுப்பா!" என்றது அடுக்களையிலிருந்து குரல். "காப்பிக்குச் சீனி எவ்வளவுன்னு மட்டும் அவரைக் கேட்டுச் சொல்லுங்க."